பதிதத்துக்கு நாலு படி கீழே

ஆயர் இல்லத்தில் சமையலறைக்கும் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறைக்கும் நடுவே ஓர் அலுவலகம் இருந்தது. கதவில் 'நூல் தணிக்கை' என்று ஒரு பலகை. உள்ளே ஒரு மேசை, கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கப் புத்தகங்கள், அவற்றின் நடுவே ஐம்பத்திரண்டு வயதுக் குரு ஒருவர். மறைமாவட்டத்தில் அச்சாகிற எந்தத் தாளும் அவர் கண்ணில் பட்டு, விசுவாசத்துக்கு முரணாக ஒன்றும் இல்லை என்ற முத்திரையை வாங்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். சக குருக்கள் அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே ஃபாதர் என்பார்கள். அறையைத் தாண்டியதும் சல்லடை.

சல்லடை சாதாரண ஆள் இல்லை. கடல் தாண்டிப் போய் ஏழு வருஷம் படித்தவர். பதிதம் எது, வெறும் பிழை எது என்று பிரித்துக் காட்டுவது எப்படி என்பதுதான் அவருடைய ஆய்வு. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தப்பான போதனை எல்லாமே பதிதம் ஆகிவிடாது என்பது அவருடைய வாதம். அதற்கு ஏழு படிகள் உண்டு. திருச்சபை தீர்மானமாக வரையறுத்த ஒரு சத்தியத்தை நேருக்கு நேர் மறுத்தால் மட்டுமே அது பதிதம். அது உச்சிப் படி. அதற்குக் கீழே பதிதத்தை நெருங்குவது, அதற்கும் கீழே பதித வாடை அடிப்பது, நாலாவது வெறும் தப்பறை, ஐந்தாவது ஆதாரம் போதாமல் முந்திக்கொண்டு பேசிவிடுகிற துணிச்சல் கூற்று. அப்புறம் காதுக்கு உறுத்துவது. கடைசியாக, பக்தியுள்ள செவிகளைப் புண்படுத்துவது. இந்த ஏழாவது படியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், பக்தியுள்ள செவிகளுக்கு எங்கேயும் பஞ்சமில்லை என்று ஆய்வேட்டின் ஓர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். தேர்வாளர்கள் அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு படித்துவிட்டு வந்தவருக்கு ஒரே ஒரு துயரம்தான். பார்ப்பதற்குப் பதிதமே கிடைக்கவில்லை. பதினோரு வருஷமாக அவர் மேசைக்கு வந்ததெல்லாம் நாள்காட்டிகள், நவநாள் துண்டுப் பிரசுரங்கள், மாதர் சங்கத்தின் சமையல் குறிப்புப் புத்தகம். அதற்கும் முத்திரை போட்டார். ஒரே ஒரு முறை, 'மூவொரு கடவுள்' என்று வர வேண்டிய இடத்தில் 'மூவாறு கடவுள்' என்று ஒரு பிரசுரம் வந்தது. பதினெட்டுக் கடவுளா என்று சல்லடை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அச்சுக்கோக்கிறவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் புகார் வந்தது.

பதினான்கு பக்கம், கையெழுத்துப் பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் அளவுகோலால் கோடு போட்டது. எழுதியவர் ஒரு பங்கின் அருட்பணிப் பேரவைச் செயலாளர். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஓர் ஆசிரியை நரகம் காலியாக இருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மாதாந்தரப் பார்வைக்கு ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் போனபோது, நாலாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண்குழந்தை எழுந்து, "நரகம் காலி சார், உள்ள ஒருத்தரும் இல்ல" என்று அறிவித்ததாம். இது கலப்படமற்ற பதிதம் என்று ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தார். நரகம் காலி என்றால் ஞாயிறுதோறும் நாங்கள் எதற்காக வருகிறோம் என்றும் கேட்டிருந்தார்.

ஆயர் கோப்பை நீட்டினார். "உங்களுக்குன்னே வந்திருக்கு ஃபாதர். போய்ப் பாத்துட்டு, பெரிசாக்காம முடிச்சுட்டு வாங்க" என்றார்.

"சரி ஆண்டவரே" என்றார் சல்லடை. ஆயரை ஆண்டவரே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அது ஏழில் எந்தப் படியில் வரும் என்று அவர் ஒருநாளும் யோசிக்கத் துணிந்ததில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலோடு புகாரைப் படித்துக்கொண்டே போனார். அபூர்வ வியாதியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியருக்கு முதல் நோயாளி கிடைத்த மாதிரி மனசு துள்ளியது. நரகம் இல்லை என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தால் உச்சிப் படி, சந்தேகமே இல்லை. அந்த நினைப்பிலேயே ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தவருடைய பென்சில் நின்றது. அங்கே ஹெட்மாஸ்டர், சரியான போதனை எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கியிருந்தார். "மோட்சம் என்பது நாம் நமது சொந்த உழைப்பால் எழுதித் தேறும் பரீட்சை. இறைவனின் அருள், எல்லையில் நிற்கும் மாணவனுக்குப் போடும் கருணை மதிப்பெண் போன்றது. நன்றாகப் படித்தவனுக்கு அது தேவையில்லை."

சல்லடை அதை மூன்று முறை படித்தார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவி இதையேதான் சொன்னார், கருணை மதிப்பெண் என்ற உவமை மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆயர்கள் சங்கம் சங்கமாகக் கூடி அதைக் கண்டித்தார்கள். அருள் இல்லாமல் மனிதன் தன் முயற்சியாலேயே மீட்படையலாம் என்பது பதிதம்; வாடை இல்லை, நெருக்கம் இல்லை, நடு உச்சிப் படி. பதினோரு வருஷமாகத் தேடியது ஒரு புகார் மனுவுக்குள், அளவுகோலால் கோடு போட்ட ஓரத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தது. சல்லடை மெதுவாக அதற்கு அடிக்கோடு போட்டார். கோடு கொஞ்சம் நெளிந்தது. பஸ்ஸின் குலுக்கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் வீட்டு முன்னறையில் சான்றிதழ்கள் வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. முப்பத்தெட்டு வருஷம் விடுப்பே எடுக்காததற்கு ஒன்று, நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஒன்று, மறைக்கல்விச் சேவைக்கு ஒன்று. அவற்றுக்கு நடுவே, போய்ச் சேர்ந்த மனைவியின் படமும் ஒரு சான்றிதழ் மாதிரியே அதே அளவுச் சட்டத்தில் இருந்தது. ஹெட்மாஸ்டர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அந்தக் குழந்தையின் அப்பன் ஒரு லாரி டிரைவர். கோவில் பக்கமே தலை வைத்துப் படுக்காதவன். குடித்துவிட்டு ஓட்டி, மரத்தில் மோதி, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். பார்க்கப் போன பங்குச் சாமியாரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டுச் செத்தான். அப்படிப்பட்டவர்கள் எங்கே போவார்கள் என்று அதற்கு முந்தின மாதப் பார்வையின்போது அவர் வகுப்பில் பொதுவாகத்தான் கேட்டாராம். கேட்டபோது நாலாவது பெஞ்சைப் பார்த்தாரா என்று சல்லடை விசாரித்தார். எல்லாப் பெஞ்சையும் பார்த்ததாக ஹெட்மாஸ்டர் சொன்னார். ஒன்பதாம் பக்கத்தைப் பற்றிச் சல்லடை அப்போதைக்கு வாயைத் திறக்கவில்லை. முதலில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்ப்பதுதான் முறை.

ஆசிரியை தையல்காரி. கோவிலுக்குப் பின்தெருவில் ஒரே அறைக் கடை. இரண்டு தையல் மிஷின், தரையெல்லாம் வெட்டுத் துணி, பள்ளிச் சீருடைகள் மலை மாதிரி ஒரு மூலையில். சல்லடைக்கு இருந்த ஒரே நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டுவிட்டு, தான் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு காலரைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நரகமே இல்லைன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார் சல்லடை. முதல் கேள்வி அதுதான், உச்சிப் படி.

"அது எப்படிச் சொல்வேன் சாமி? புத்தகத்துல இருக்கே."

உச்சிப் படி போயிற்று. சல்லடைக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. யாரும் அங்கே போகவே முடியாது என்று சொன்னாளா என்று அடுத்ததாகக் கேட்டார்.

"முடியும். நம்ம கோவிலுக்கு வர்றதுல சில பேரைப் பாத்தா ரொம்பச் சுலபமா முடியும்னு தோணுது."

சல்லடை குறித்துக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது படிகளும் போயின. எல்லாரும் கட்டாயம் மோட்சம் போய்விடுவார்கள் என்று போதித்தாளா என்றார்.

தையல்காரி காலரைக் கீழே வைத்தாள். "எல்லாரையும் பத்தி எனக்கு என்ன சாமி தெரியும்? நான் ஒருத்தனை நினைச்சுத்தான் சொன்னேன்."

"யாரை?"

"என் தம்பியை."

பதினான்கு பக்கத்தில் இந்த ஒரு விவரம் விட்டுப்போயிருந்தது. லாரி டிரைவர் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். நாலாவது பெஞ்சுக் குழந்தை வகுப்பில் டீச்சர் என்றும் வீட்டில் அத்தை என்றும் கூப்பிடுவது அவளைத்தான். முந்தின மாதம் ஹெட்மாஸ்டர் அப்படிக் கேட்டுவிட்டுப் போனதும் அந்தக் குழந்தை அழவில்லையாம். எத்தனை டிகிரி சூடு இருக்கும் என்று மட்டும் கேட்டதாம். தையல்காரிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அவன் ஒருத்தன் மட்டும் உள்ள இல்லேன்னு சொன்னா, மத்த புள்ளைங்க விடுமா? எங்க தாத்தா, எங்க சித்தப்பான்னு ஒண்ணொண்ணா எந்திரிக்கும். அதான் ஒரே வேலையா, யாருமே இல்லேன்னுட்டேன்" என்றாள். சீருடை தைக்கிறவள், எல்லா அளவுக்கும் பொருந்துகிற மாதிரி மொத்தமாக வெட்டித்தான் பழக்கம்.

சல்லடை உற்சாகமாகிவிட்டார். இது துல்லியமான ஐந்தாவது படி. நரகம் உண்டு என்பதை அவள் மறுக்கவில்லை. அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நம்புவதற்கும் தடை இல்லை. ஆனால் யாரும் இல்லை என்று அடித்துச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. துணிச்சல் கூற்று. பதிதத்துக்கு நாலு படி கீழே. அவர் இதைக் கொஞ்சம் நீட்டியே அவளுக்கு விளக்கினார். அவள் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஊசிகளை எடுத்துவிட்டு, "அப்போ தப்புதானே சாமி? நான் மாத்திச் சொல்லிடுறேன். என்ன சொல்லணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றாள்.

பிடிவாதம் என்பது மருந்துக்கும் இல்லை. பதிதர் என்று ஓர் ஆளைச் சொல்ல வேண்டுமானால், எடுத்துச் சொன்ன பிறகும் அவர் விடாப்பிடியாக நிற்க வேண்டும். ஆய்வேட்டின் நாலாம் அதிகாரம் முழுக்க அதுதான். சல்லடை பேனாவைத் திறந்து, ஒன்பது வயதுக் குழந்தைக்கான சரியான வாக்கியத்தை எழுத ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு தாளைக் கசக்கிப் போட்டார். மூன்றாவதை நீட்டினார். 'நரகம் உண்டு என்பது விசுவாச சத்தியம். ஆயினும் அதில் இன்னார் இருக்கிறார் என்று திருச்சபை ஒருபோதும் வரையறுத்ததில்லை. ஆயினும் எவரும் இல்லை என்றும் உறுதியாகக் கூறுதல் தகாது. ஆயினும் அனைவரின் மீட்புக்காகவும் நம்பிக்கையோடு மன்றாடுதல் முறையே.'

தையல்காரி வாய்க்குள்ளேயே வாசித்தாள். "மூணு ஆயினும் வருது சாமி. எதுவும் தப்பில்லேன்னு தெரியுது. புள்ளை வெளிய படியில உக்காந்து பட்டன் தைச்சுட்டிருக்கா. நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள்.

படியில் குழந்தை ஒரு சட்டையை மடியில் போட்டு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சல்லடை அங்கியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தாள் கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் நரகத்தைப் பத்தி விசாரிக்க வந்தவங்களா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா உள்ள இருக்காரா?"

வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் இரண்டு மணி நேரம் அவரைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. சல்லடை தாளைப் பார்த்தார். முதல் ஆயினும் வரைக்கும் வாசித்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துப் பையில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது."

"கோவில்ல பெரியவங்க யாரும் எழுதி வச்சிருக்கலையா, இன்னார் இன்னார் உள்ள இருக்காங்கன்னு?"

"மோட்சத்துல இருக்கறவங்கன்னு ஆயிரக்கணக்கான பேரை எழுதி வச்சிருக்காங்க. நரகத்துல இருக்காங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட எழுதினதில்ல."

"இத்தனை வருஷத்துலயுமா?"

"இத்தனை வருஷத்துலயும்."

குழந்தை ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "அப்போ ஹெட்மாஸ்டர் சாருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றார் சல்லடை. அதுவரைக்கும் அப்பா உள்ளே இல்லை என்று நம்பிக்கொண்டு இருக்கலாமா என்று அவள் கேட்டாள். இருக்கலாம், தாராளமாக இருக்கலாம், அதற்காக ஜெபமும் பண்ணலாம் என்றார். அத்தை சொன்னது பொய்யா என்று கேட்டதற்கு, பொய் இல்லை, கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டார்கள் என்றார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஐந்தாவது படியை இவ்வளவு சுருக்கமாக அவர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அப்படியே திரும்பி ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார். இப்போது உள்ளுக்குள் ஒரு கோபமும் சேர்ந்துகொண்டது. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். நீங்கள் எழுதியிருப்பது பதிதம், நான் சொல்லவில்லை, திருச்சபை சொல்கிறது என்று ஆண்டு, சங்கம், தீர்ப்பு எல்லாம் விலாவாரியாக எடுத்து வைத்தார். ஹெட்மாஸ்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது. தன்னிடம் படித்த ஐயாயிரம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்ததாகவும், ஒருவர்கூடப் பெயில் ஆகவில்லை என்றும் சொன்னார். சல்லடை மறுபடி விளக்கினார். ஹெட்மாஸ்டர் மறுபடி மறுத்தார். முதல் அறிவுரை என்று நோட்டில் எழுதித் தேதி போட்டுக்கொண்டு சல்லடை பஸ் ஏறினார். மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது கணக்கு. இன்னும் இரண்டு.

மறுநாள் ஆயரிடம் இடைக்கால அறிக்கை கொடுத்தார். ஆசிரியை விஷயத்தை ஆயர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். புகார் கொடுத்தவரே பதிதத்தில் நிற்கிறார் என்றதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவரா? எனக்கு மறைக்கல்வி சொல்லிக் குடுத்தவரே அவர்தான் ஃபாதர்."

சல்லடை ஒன்பதாம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்தக் கருணை மதிப்பெண் உவமைதானே?" என்று ஆயர் தொடர்ந்தார். "ரொம்ப நல்லா இருக்குமே. ஜனங்களுக்குச் சட்டுன்னு புரியும். போன வருஷச் சுற்றறிக்கைல நானே எழுதியிருந்தேன்."

ஆயரின் சுற்றறிக்கைகள் தணிக்கைக்கு வருவதில்லை. ஆண்டவரின் எழுத்தைச் சலிப்பது முறையல்ல என்று முன்னொரு காலத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஆயரின் முகத்தில் மெல்ல ஏதோ மாறியது. எழுந்து போய் அலமாரியில் எதையோ தேடினார், கிடைக்கவில்லை என்கிற மாதிரி திரும்பினார். "அது எந்தப் படியில வரும்?" என்றார் தணிந்த குரலில்.

"முதல் படி, ஆண்டவரே."

"மேலேயிருந்தா, கீழேயிருந்தா?"

"மேலேயிருந்து."

இதைப் பற்றி இதற்குமேல் எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று ஆயர் சொன்னார். அடுத்த மாதச் சுற்றறிக்கை, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு மூடிய உறையில் சல்லடையின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதில் உவமையே இல்லை.

இரண்டாவது அறிவுரை ஒரு வாரம் கழித்துக் கோவில் வராந்தாவில் நடந்தது. ஹெட்மாஸ்டர் தயாராக வந்திருந்தார். வேத வசனங்களைத் தேடித் தேடி எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். சல்லடை பதிலுக்கு அடுக்கினார். இரண்டு பேரும் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பூசைக்கு வந்த ஜனங்கள் சண்டை என்று நினைத்துச் சுற்றிப் போனார்கள். சண்டையேதான், ஆனால் சல்லடைக்கு ரகசியமாக ஒரு சந்தோஷமும் இருந்தது. ஊர் திரும்பி வந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவரோடு யாரும் இறையியல் பேசியதில்லை.

மூன்றாவது முறை போனபோது ஹெட்மாஸ்டருக்குக் காய்ச்சல். முன்னறைக் கட்டிலில் சாய்ந்து, போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தார். மடிப்புக் கலையாத சட்டை ஆணியில் தொங்கியது. வீட்டில் வேறு ஆளில்லை. சல்லடை தானே போய்ச் சமையலறையில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இதுதான் கடைசி அறிவுரை. இன்றைக்கும் மறுத்தால் பிடிவாதம் நிரூபணம். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார். அருளை யாரும் சம்பாதிப்பதில்லை, சும்மா கொடுக்கப்படுகிறது, நம்முடைய நல்ல செயல்கூட அது வந்த பிறகுதான் என்று சொன்னார்.

ஹெட்மாஸ்டர் இந்தத் தடவை வசனம் எதையும் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல ஃபாதர். என் சம்சாரம் போன அன்னிக்கும் காலைல பூசைக்குப் போயிட்டுத்தான் வந்தேன். அவ அப்போ உசிரோட இருந்தா. நான் திரும்பி வந்தப்போ இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த லாரிக்காரன் ஒரு நாள் வந்ததில்ல. கடைசில வந்த சாமியாரையும் போகச் சொன்னான். சும்மா குடுக்கறதுதான்னா அவனும் நானும் ஒரே வரிசையா? அப்போ நான் பட்டதெல்லாம் எதுக்கு?"

சல்லடை நோட்டைத் திறந்தார். தேதியைப் போட்டார். அதற்குமேல் பேனா ஓடவில்லை. எதிரே கிடந்தது அவர் பதினோரு வருஷமாகக் காத்திருந்த பதிதர்தான். எல்லா லட்சணமும் பொருந்தியிருந்தது. ஆனால் அவர் ஆய்வேட்டில் வந்த பதிதர்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி வாதாடியவர்கள். இப்படி ஒருக்களித்துப் படுத்து மனைவியின் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதில் இல்லை. அல்லது இருந்திருக்கலாம், எழுதி வைத்தவர்கள் வெந்நீர் போட்டுக் கொடுக்கிற தூரத்தில் இல்லை.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னா" என்றார் சல்லடை. "அவங்கப்பா உள்ள இருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு."

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "தெரியாது" என்றார் கடைசியில். "ஆனா எங்கேயாவது இருக்கணுமில்ல ஃபாதர், வித்தியாசம்னு ஒண்ணு."

சல்லடை இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினார். ஆசிரியை: துணிச்சல் கூற்று, ஐந்தாம் படி, இனி 'என்று நம்புகிறோம்' என்பதைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார், வகுப்பைத் தொடரலாம். செயலாளர்: கூற்று பதிதம், ஆள் பதிதர் அல்லர், பிடிவாதம் நிரூபிக்கப்படவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'களைப்பு' என்று எழுதினார். அப்படி ஒரு காரணம் எந்த நூலிலும் இல்லை என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் ஹெட்மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து இன்னொரு புகார் எழுதினார். இந்த முறை பதினெட்டுப் பக்கம். நூல் தணிக்கைக் குருவே ஒரு குழந்தையிடம் நரகத்தில் இன்னார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது என்று போதித்தார், இது கலப்படமற்ற பதிதம் என்பது சாரம். களைத்துப்போன மனுஷர் என்று எழுதியதில் அவசரப்பட்டுவிட்டோமோ என்று சல்லடைக்குத் தோன்றியது. மறைமாவட்டத்தில் பதிதத்தைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், ஆயர் இல்லத்து அலுவலகம் வழக்கப்படி அந்தப் புகாரை ஆய்வுக்காகச் சல்லடைக்கே அனுப்பி வைத்தது. அவர் முழுக்கப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் கருணை மதிப்பெண் இல்லை. அந்த இடத்தில், "அருள் இலவசம் என்று சொல்கிறார்கள், அப்படியே இருந்தாலும், வாங்கிக்கொள்ளவாவது நேரத்துக்கு வர வேண்டாமா?" என்று இருந்தது. சல்லடை பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு சின்ன டிக் போட்டார். அது பதிதமே இல்லை, கிட்டத்தட்டச் சரி.

இந்த விவகாரம் முற்றுவதற்குள் ஆயர் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தப் பங்கின் சாமியார் வேறு இடம் கேட்டு மூன்று மனு போட்டிருந்தார். மூன்றிலும் காரணம் ஒரே ஆள்தான், பெயர் மட்டும் எழுதவில்லை. ஆயர் சல்லடையைக் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பேசறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லி நியமன உத்தரவைக் கொடுத்தார். சல்லடை புத்தகங்களை எட்டுப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய் இறங்கினார். பலகையைக் கழற்றிய அலுவலகத்தில் மறுநாளே உடைந்த நாற்காலிகள் குடியேறின.

முதல் ஞாயிறு. இடது பக்கம் மறைக்கல்விக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தையல்காரி, அவளை ஒட்டி அந்தப் பெண். வலது பக்கம் முதல் பெஞ்சில் ஹெட்மாஸ்டர், வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு புது நோட்டு. சல்லடை வாய் திறந்ததும் அவர் பேனாவைத் திறந்தார். பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் சல்லடையின் நாக்கு தடுமாறி, அருளைக் கொடுக்கிறார் என்பதற்குப் பதிலாகக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டது. பேனா வேகம் எடுத்ததைப் பீடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

பூசை முடிந்து, திருவுடைகளைக் கழற்றி அலமாரியில் மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ஹெட்மாஸ்டர் நோட்டோடு நின்றார்.

"மூணு இடத்துல சந்தேகம் ஃபாதர். ஒரு இடத்துல சந்தேகமில்ல, தப்பு."

சல்லடை அங்கிருந்த இரண்டு நாற்காலியில் நல்லதை இழுத்து அவருக்குப் போட்டார். ஆடுகிற நாற்காலியில் தான் உட்கார்ந்தார். "தப்புலேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.